அவளிடம் யார் கேட்டார்கள்?

(மட்டாஞ்சேரியில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தமிழும் ஒரே கடைத்தெருவில் பேரம் பேசுகிற ஊர் இது. பக்கத்திலேயே, ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில், தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து இஸ்திரி போட்டுவரும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே இரண்டு மொழிப் படங்களையும் வசனவரி இல்லாமல் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்களின் அவை இது. 'பிரேமம்' படத்தில் மலர் டீச்சர் தமிழ் பேசியபோது உங்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்காது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளைப் பேசுவதற்கு இதைவிடத் தோதான அவை கிடைக்காது.

என் பொருள், நாம் கொண்டாடிய பள்ளிக்கூடக் காதல் படங்கள். சீருடை, சைக்கிள், டியூஷன், நோட்டுக்குள் ஒளித்த கடிதம், நண்பர்களின் கேலி, ஒரு பாட்டு, ஒரு பிரிவு என்று எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத அந்தப் படங்கள். அவை இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. 2023இல் கேரளத்தில் 'ஸ்படிகம்' மறுபடி வெளியானது. 2024இல் தமிழ்நாட்டில் 'கில்லி' மறுபடி திரைக்கு வந்து, புதுப்படத்துக்கு உள்ள கூட்டத்தைக் கூட்டியது. பழைய படங்களுக்கு மறுவெளியீடு என்பது இன்று ஒரு தனி வியாபாரமாகவே ஆகிவிட்டது. படம் அதே படம்தான். பார்க்கிற நாம்தான் இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியிருக்கிறோம். அன்று கைதட்டிய இடத்தில் இன்று கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை என்ன செய்வது? கண்ணை மூடிக்கொள்வதா, படத்தைத் தூக்கி எறிவதா? இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. ஒவ்வொரு படத்திடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: அந்தப் பெண்ணிடம் யார் கேட்டார்கள்?

இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். 2013 ஜனவரியில் வெளியான ராஜீவ் ரவியின் 'அன்னயும் ரசூலும்' படத்தை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது பள்ளிக்கூடக் கதை இல்லை. ஆனால் பள்ளிக்கூடப் படங்களின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது. ஃபகத் ஃபாசில் நடித்த ரசூல், மட்டாஞ்சேரிக்காரன், கார் ஓட்டுபவன். ஆண்ட்ரியா நடித்த அன்னா வைப்பின்காரி, எறணாகுளத்தில் துணிக்கடையில் வேலை. அவளைப் பார்ப்பதற்காகவே ரசூல் படகு ஏறுகிறான். கொச்சியின் காயலை இவ்வளவு அழகாகக் காட்டிய படங்கள் குறைவு. ஆனால் கேமரா எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அது பெரும்பாலும் ரசூலின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நிமிடம் மனத்துக்குள் அதை எழுப்பி, அன்னாவின் பக்கத்தில் உட்கார வையுங்கள். என்ன தெரிகிறது? தெருவென்றால் அடுத்த சந்தில் திரும்பிவிடலாம். கடைத்தெருவென்றால் ஒரு கடைக்குள் நுழைந்து நிற்கலாம். படகில் எங்கே போவது? ஜெட்டி வரும்வரை இறங்க முடியாது. கயிறு கட்டும்வரை எழுந்திருக்கவும் முடியாது. ஒருவனுக்குக் காதல் பயணமாக இருக்கும் அதே சில நிமிடங்கள், இன்னொருத்திக்கு வெளியேற வழியில்லாத சில நிமிடங்களாகவும் இருக்கலாம். அன்னாவுக்குப் பின்னால் ரசூலைப் பிடித்துப்போகிறது என்பது உண்மை. அவன் மென்மையானவன் என்பதும் உண்மை. ஆனால் முதல் நாள் அது அவளுக்கு எப்படித் தெரியும்? தினமும் படகில் போய்வரும் பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் இதற்கு ஒரு திரைப்பட விமரிசகர் தேவையில்லை.

இங்கேதான் என் வாதத்தின் வேர் இருக்கிறது. 'இன்றைய கண்ணால் பார்ப்பது' என்கிறோம். ஏதோ அண்மையில் புதிதாக முளைத்த கண் அது என்பதுபோலப் பேசுகிறோம். அந்தக் கண் புதிதா? 1981இல் 'பன்னீர் புஷ்பங்கள்' ஓடிய தியேட்டரில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கண் இல்லையா? புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்னால் வரும் சைக்கிள் மணியைக் கேட்காததுபோல நடந்த பெண்ணுக்கு அந்தக் கண் இல்லையா? இருந்தது. எப்போதும் இருந்தது. அந்தக் கண் கண்டதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இன்று நாம் செய்வது புதிய அளவுகோலைப் பழைய படத்தின் மேல் திணிப்பது ஆகாது. அன்றே அரங்கில் இருந்த, ஆனால் அபிப்பிராயம் கேட்கப்படாத பாதிப் பேரின் கணக்கை இப்போதாவது சேர்த்துக்கொள்வது.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் நமக்கெல்லாம் மனப்பாடம்: "அந்தக் காலம் அப்படி." அப்படியா? சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, கிண்டல் செய்த கும்பலால் உயிரிழந்தாள். அதைத் தொடர்ந்து அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பெண்களைக் கேலி செய்வதற்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2013இல் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, பெண்ணை அவள் விருப்பமில்லாமல் பின்தொடர்வதைத் தனிக் குற்றமாக்கியது. அதே 2013இல், சில மாதங்கள் கழித்து, தனுஷ் நடித்த 'ராஞ்சனா' வந்தது. தமிழில் 'அம்பிகாபதி'. காசியில் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் பின்னாலேயே ஒரு பையன் சுற்றுகிறான், அறை வாங்குகிறான், மறுபடியும் வருகிறான், கடைசியில் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு சம்மதம் வாங்குகிறான். நாமும் அழுதோம், பாட்டைக் கொண்டாடினோம். காலம் அப்படி என்றால், எந்தக் காலம்? சட்டப்புத்தகத்தின் காலமா, திரையரங்கின் காலமா? இன்னொரு பக்கமும் பாருங்கள். 1986இலேயே பத்மராஜன் 'நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்' எடுத்தார். அதில் சோஃபியாவுக்குக் கொடுமை நேர்ந்த பிறகும், சாலமன் லாரியோடு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான். பெண்ணின் 'கற்பு' போய்விட்டது என்று திரையுலகமே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த நாளில் எடுத்த படம் அது. ஆகவே பழசெல்லாம் இருட்டு, புதுசெல்லாம் வெளிச்சம் என்ற கணக்கு செல்லாது. அந்தந்தக் காலத்திலும் கேட்டவர் இருந்தார்கள், கேட்காதவரும் இருந்தார்கள். கேட்காமல் விட்டது ஒரு தேர்வு. அந்தத் தேர்வுக்குக் காலத்தை ஜாமீன் கொடுக்க முடியாது.

இந்த 'ராஞ்சனா' கதைக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அந்தப் படத்தின் தமிழ் வடிவம் மறுபடி வெளியானது. இம்முறை செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றியிருந்தார்கள். செத்துப்போகும் நாயகன் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்கள், படைப்பின் உரிமை பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. நடக்க வேண்டியதுதான். ஆனால் இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு பழைய படத்தை இன்றைய கருவியால் திருத்தும் வாய்ப்பு வந்தபோது, திருத்த வேண்டியதாக எது பட்டது? நாயகனின் மரணம். அந்தப் பெண்ணிடம் வாங்கிய சம்மதம் எப்படி வாங்கப்பட்டது என்பது யாருக்கும் உறுத்தவில்லை. தொழில்நுட்பம் எவ்வளவு நவீனமானாலும், அதை இயக்குபவர் கேட்கும் கேள்வி பழசாகவே இருக்க முடியும்.

இரண்டாவது ஆட்சேபம்: "இதெல்லாம் சிரிக்கிற படம் சார், இதில் போய் நீதி தேடுகிறீர்களே!" சரி, சிரிப்பையே எடுத்துக்கொள்வோம். சிரிப்பு என்றால் யாரோ ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது. அப்படியானால் யாரைப் பார்த்து? 1984இல் அமெரிக்காவில் ஜான் ஹியூஸ் எடுத்த 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' பள்ளிக்கூடக் காதல் நகைச்சுவைக்கு உலகம் முழுக்க முன்மாதிரி. அதில் கனவு நாயகனாகக் காட்டப்படும் பையன், குடித்து நினைவு தப்பிய தன் காதலியை இன்னொரு பையனிடம் ஒப்படைத்து அனுப்புகிறான். அரங்கம் சிரித்தது. அந்தப் படத்தின் நாயகி மாலி ரிங்வால்டே 2018இல் 'நியூ யார்க்கர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தான் நடித்த ஹியூஸ் படங்களை, மகளோடு உட்கார்ந்து பார்த்த அனுபவம் உட்பட, மறுபடி அலசினார். படங்களை எரியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தனக்கு வாழ்வு கொடுத்த படங்களின் மேல் அன்பு வைத்துக்கொண்டே, அவற்றில் உறுத்துவதை உறுத்துகிறது என்று சொன்னார். அன்பும் விமரிசனமும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

நம் 'பிரேமம்' படத்துக்கு வருவோம். 2015 மே மாதம் அல்போன்ஸ் புத்திரன் இயக்கத்தில் வெளியாகி, சென்னையிலும் மாதக்கணக்கில் ஓடிய மலையாளப் படம். ஆலுவாவின் நீர்ப்பாலத்தின் மேல் சுருள்முடி பறக்க மேரி நடந்து வருகிறாள். அவள் போகும் வழியெல்லாம் ஊர்ப் பையன்கள். காத்திருப்பவன், பின்னால் வருபவன், சைக்கிளில் சுற்றுபவன் என்று எத்தனை பேர்! அந்தக் கூட்டத்தைப் பார்த்து நாம் சிரித்தோம். மேரி அந்தக் குறுகலான பாலத்தில் தினமும் எந்த மனநிலையில் நடந்தாள் என்பதைப் படம் நமக்குச் சொல்லவே இல்லை. ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதி எப்படி முடிகிறது? மேரி தானாக வந்து, தனக்கு வேறொருவனைப் பிடித்திருக்கிறது என்கிறாள். படத்தின் நாயகனைப் போலவே அவன் பெயரும் ஜார்ஜ். நம் ஜார்ஜிடமே உதவியும் கேட்கிறாள். அரங்கம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு யார் மேல் விழுந்தது? பெண்ணுக்கும் ஒரு மனம் உண்டு, அது ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்திருக்கலாம் என்று ஒரு கணமும் நினைத்துப் பார்க்காத பையன்கள் மேல். அதாவது ஒரே படத்தில், ஒரே அரை மணி நேரத்தில், இரண்டு வகைச் சிரிப்பும் இருக்கிறது. பெண்ணின் இக்கட்டில் பிறக்கும் சிரிப்பு ஒன்று, ஆணின் அசட்டுத்தனத்தில் பிறக்கும் சிரிப்பு இன்னொன்று. மறுபடி பார்ப்பது என்றால் இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான். நகைச்சுவையை ஒழிக்க வேண்டும் என்று யார் சொன்னது? 2019இல் கிரீஷ் ஏ.டி. எடுத்த 'தண்ணீர் மத்தன் தினங்கள்' பிளஸ் டூ மாணவன் ஜெய்சனின் வீம்பையும் பொறாமையையும் வைத்தே இரண்டு மணி நேரம் சிரிக்க வைத்ததே! சிரிப்பு குறைந்ததா?

இப்போது மூன்றாவது ஆட்சேபம். இதுதான் கனமானது, இதற்கு நான் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். "நம் நாட்டில் காதலுக்கு எதிரிகள் போதாதா? சாதிக்காரன் இருக்கிறான், மதக்காரன் இருக்கிறான், அருவாள் இருக்கிறது. இந்தப் படங்கள்தான் காதலுக்குத் துணை நின்றன. நீங்களும் அவற்றைக் குற்றம் சொன்னால் யாருக்கு லாபம்?" கேள்வி நியாயமானது. 1981இல் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' முடிவில் பூணூலும் சிலுவையும் கழற்றி எறியப்பட்டது சாதாரண விஷயமா? 2004இல் பாலாஜி சக்திவேலின் 'காதல்' மதுரையின் மெக்கானிக் முருகனையும் பள்ளி மாணவி ஐஸ்வர்யாவையும் காட்டி, ஒரு சாதியின் கோபம் இரண்டு இளம் உயிர்களை என்ன செய்யும் என்று சொன்னதே, அதை எப்படி மறப்பது? சிறுவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமே, வீட்டார் விரும்பாத காதலை முறிக்கும் ஆயுதமாக ஆகிவிடுவதை நீதிமன்றங்கள் கண்டிருக்கின்றன. வளரிளம் பருவத்தினரின் காதலைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே அந்த அச்சம் வீண் அச்சம் இல்லை.

ஆனால் 'காதல்' படத்தையே மறுபடி பாருங்கள். அங்கே முதலில் ஆசைப்படுபவள் யார்? ஐஸ்வர்யா. மனம் வைத்தவள் அவள், துணிந்தவள் அவள். அவளை இழுத்துக்கொண்டு போய் வேறொருவனுக்குக் கட்டிவைத்த குடும்பம் செய்த குற்றம் என்ன? அவளிடம் கேட்கவில்லை. இப்போது நம் தெருமுனை நாயகனைப் பாருங்கள். மறுத்தபிறகும் விடாமல் பின்தொடர்கிறவன் செய்யும் குற்றம் என்ன? அவனும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டாலும் பதிலைக் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குள் பூட்டி வைக்கும் அண்ணனும் வீட்டு வாசலில் காவல் நிற்கும் காதலனும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் பூரண உடன்பாடு: முடிவெடுக்க வேண்டியவள் அவள் இல்லை! இதைச் சொன்னால் சாதிக்கு எப்படி லாபம்? பெண்ணின் விருப்பத்தை நடுவில் வைத்துப் பேசுவதுதான் சாதிக்கு ஆகப்பெரிய நஷ்டம். சாதி இந்த மண்ணில் நிலைத்து நிற்பதே பெண் யாரை மணப்பாள் என்பதைப் பிறர் தீர்மானிப்பதால்தான். அந்தத் தீர்மானத்தை அவளிடம் திருப்பிக் கொடுங்கள், சாதி என்ன செய்யும்?

"அப்படியானால் வாயே திறக்காமல் ஒதுங்கிப் போகிறவன்தான் உத்தமனா?" என்று ஒரு தம்பி கேட்கலாம். அதுவும் நம் திரையில் ஒரு மரபு. 1980இன் 'ஒரு தலை ராக'த்திலிருந்து 2018இன் '96' வரை, சொல்லாமலே உருகும் நாயகர்களுக்கு நாம் தனிக் கோயில் கட்டி வைத்திருக்கிறோம். மௌனம் துரத்தலைவிட நூறு மடங்கு மேல், சந்தேகமில்லை. ஆனாலும் மௌனத்தில் கேள்வி ஏது? பிரேம்குமாரின் '96' படத்தில் ஒரு இடம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு சந்திக்கும் ராமும் ஜானுவும் பேசிக்கொள்ளும்போது ஒரு உண்மை வெளிவருகிறது. பள்ளி நாட்களுக்குப் பிறகு ராம் ஒரு முறை அவளைப் பார்க்க அவள் கல்லூரிக்குப் போயிருக்கிறான். ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்புகிறான். ஜானுவோ, தன்னைத் தொந்தரவு செய்துகொண்டிருந்த வேறொருவன்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, பார்க்க விருப்பமில்லை என்று சொல்லிவிடுகிறாள். ராம் அந்த மறுப்பை மதித்துத் திரும்பிப் போய்விடுகிறான். இருபது ஆண்டு வாழ்க்கை அங்கே திசை மாறுகிறது. அந்தக் காட்சியில் எல்லோரும் விதியை நொந்துகொண்டோம். விதியா காரணம்? ஒரு பெண்ணை ஒருவன் ஓயாமல் நச்சரித்ததால், அவளைப் பார்க்க மரியாதையோடு வந்த இன்னொருவன் வாசலிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. துரத்தும் பழக்கம் பெண்ணுக்கு மட்டும் கேடு என்று நினைக்காதீர்கள். நல்ல காதலுக்கும் அதுதான் முதல் எதிரி. இளைஞர்களே, இதை உங்களுக்காகச் சொல்கிறேன்.

கேட்கத் தெரிந்த படம் எப்படி இருக்கும்? 2014இல் ஜூட் ஆண்டனி ஜோசஃப் இயக்கிய 'ஓம் சாந்தி ஓஷானா'வைச் சொல்வேன். நஸ்ரியா நடித்த பூஜா, கதையை அவளே நமக்குச் சொல்கிறாள். பள்ளிப் பருவத்தில் கிரியிடம் மனத்தைத் திறந்து சொல்பவளும் அவள்தான். அவன் என்ன செய்கிறான்? அவளுடைய வயதைச் சுட்டிக்காட்டி, படிக்க வேண்டிய நேரம் இது என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். அவள் போய்ப் படிக்கிறாள், டாக்டராகிறாள். உடனே ஒருவர் எழுந்து, "பெண் துரத்தினால் மட்டும் அழகா?" என்று கேட்பார். கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். பெண்ணும் மறுப்பை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் தராசைச் சரியாகப் பிடியுங்கள். பூஜாவுக்குப் பயந்து கிரி வழியை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அவள் தன்னைப் பார்த்தாள் என்பதற்காக அவன் வீட்டில் அவன் படிப்பை நிறுத்தமாட்டார்கள். இங்கே எத்தனை பெண்களுக்கு, எவனோ ஒருவன் பின்னால் வந்த குற்றத்துக்காகப் படிப்பு நின்றிருக்கிறது, கல்யாணம் அவசரமாக நடந்திருக்கிறது! தெருவில் ஆபத்து சமமாகும் நாளில், துரத்தலையும் சமமாக எடைபோடலாம்.

கடைசியாக ஒரு ஆட்சேபம்: "படம் பார்த்தா எவனும் கெட்டுப்போகிறான்?" 2016 ஜூன் மாதம் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு இளம்பெண் காலை நேரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, தமிழ் சினிமாவின் துரத்தல் நாயகர்கள் மேல் பெரிய விவாதம் எழுந்தது. ஒரு கொலைக்கு ஒரு படத்தைக் கூண்டில் ஏற்றுவது எனக்கு ஏற்புடையது இல்லை. திரை யார் கையிலும் அருவாளைக் கொடுப்பதில்லை. திரை கொடுப்பது ஒரு நம்பிக்கை: விடாமல் பின்னால் போனால் ஒருநாள் அவள் திரும்பிப் பார்ப்பாள் என்ற நம்பிக்கை. லட்சம் பேரில் பெரும்பாலோர் அந்த நம்பிக்கையைப் பாட்டோடு சேர்த்து முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் அவள் திரும்பிப் பார்க்காதபோது, தன்னை ஏமாந்தவனாக, அநியாயம் இழைக்கப்பட்டவனாக நினைத்துக்கொள்ளும் ஒருவனுக்கு, அந்த மனக்குறையை வெளியில் சொல்லச் சொற்களை நாம் தயாரித்து வைத்திருக்கிறோம். அந்தச் சொற்களுக்குத் திரைத்துறை பொறுப்பேற்கலாம். 2017இல் பிருத்விராஜ், பெண்களை இழிவுபடுத்தும் படங்களில் இனி நடிக்கமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு முன்னணி நடிகர் அப்படிச் சொல்ல முடிந்த திரையுலகம் கேரளத்துடையது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு படத்தின் வசனத்தைக் கண்டித்ததற்காக நடிகை பார்வதி மேல் வசைமழை பொழிந்ததும் இதே கேரளத்தில்தான். ஆண் சொன்னால் அறிவிப்பு, பெண் சொன்னால் அகம்பாவமா?

அன்பர்களே, நான் சொல்ல வந்ததைத் தொகுத்துக்கொள்கிறேன். பழைய படங்களைப் பூட்டி வைக்க வேண்டாம். வெட்டித் திருத்தவும் வேண்டாம். அவற்றில் உள்ள அழகை அழகு என்போம், துணிச்சலைத் துணிச்சல் என்போம். ஆனால் இனிமேல் தனியாகப் பார்க்காதீர்கள். மகனையும் மகளையும் ஒன்றாக உட்கார வைத்துப் பாருங்கள். அவள் நடக்க, அவன் பின்னால் வரும் காட்சி வந்தால், படத்தை நிறுத்துங்கள். மகளிடம் முதலில் கேளுங்கள்: இந்த இடத்தில் உனக்கு எப்படி இருக்கிறது? பிறகு மகனிடம் கேளுங்கள்: அவள் சொன்னது உனக்குத் தெரியுமா? பள்ளிகளில் ஆண்டுவிழாவுக்குப் பாட்டும் ஆட்டமும் வைக்கிறோமே, ஒரு நாள் ஒரு படத்தைப் போட்டு, பாதியில் நிறுத்தி, மாணவிகளை மேடையேற்றிப் பேசச் சொல்லுங்கள். படம் எடுக்கக் கனவு காணும் பிள்ளைகள் இந்த அவையில் இருப்பார்கள். கொச்சியில் அந்தக் கனவுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த பள்ளிக்கூடக் காதல் கதையை நீங்கள் எழுதும்போது, நாயகி வாய் திறந்து பதில் சொல்லும் காட்சியை முதலில் எழுதுங்கள். அந்தப் பதில் எதுவாக இருந்தாலும், கதை அதற்குக் கட்டுப்படட்டும். அப்படி எழுதிய படத்தில் பாட்டு இருக்கும், சைக்கிள் இருக்கும், சிரிப்பும் இருக்கும். கூடவே அரங்கின் இரண்டு பாதியும் சேர்ந்து கைதட்டும்.